சூட்டில் உறைகிற ஜெல்

(கோவையில் பொதுமக்களுக்காக நிகழ்த்திய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசையில் ஒரு தட்டு இருக்கிறது. தட்டில் இருப்பது ஆட்டின் பின்னங்கால் முட்டி. இன்று காலை உக்கடத்தில் ஒரு கறிக்கடையில் வாங்கினேன். சூப்புக்கு என்று நினைத்துக் கடைக்காரர் கட்டையில் வைத்துக் கத்தியை ஓங்கிவிட்டார். "வெட்டாதீங்கண்ணா, முழுசா வேணுங்க" என்றேன். மூட்டை மட்டும் பக்குவமாகப் பிரித்துக் கொடுத்தார். கூட்டம் முடிந்ததும் முன்னால் வந்து பாருங்கள். கையுறை வைத்திருக்கிறேன், போட்டுக்கொண்டு தொட்டும் பாருங்கள். எலும்பின் நுனி முழுவதும் நீலம் ஓடிய வெள்ளையில், சோழியின் முதுகு போலப் பளபளவென்று ஒரு பூச்சு இருக்கும். விரல் வழுக்கும். அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும், விரலை எடுத்தால் பழையபடி நிமிரும். அதுதான் குருத்தெலும்பு. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் ஊரில் முட்டிவலி என்று யார் டாக்டரிடம் போய் வந்தாலும் "ஜவ்வு தேஞ்சு போச்சுன்னுட்டாங்க" என்பார்கள். அந்த ஒரே சொல்லில் மூன்று பொருள்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார் ஒன்று. கபடி ஆடும் பையனுக்குக் கால் திருகிக்கொண்டால் அறுவது அது. இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் வாஷர் மாதிரி இருப்பது இன்னொன்று. மூன்றாவது, எலும்பின் தலையிலேயே ஒட்டிக்கிடக்கும் இந்தப் பளபளப்பு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. நான் சொல்லப்போகும் ஜெல் மூன்றாவதுக்கு மட்டும்தான்.

என் அம்மிச்சி ஊர் சென்னிமலைப் பக்கம். தறிக்காரக் குடும்பம். குழித்தறியில் உட்கார்ந்து காலால் மிதித்து மிதித்தே ஆயுளைக் கழித்தவர். ஐம்பது வயதுக்கு மேல் முட்டி பிடித்துக்கொண்டது. வாரம் ஒரு நாள் ஆட்டுக்கால் சூப்பு வைப்பார். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, விறகடுப்பில் இரவு வரை கொதிக்கும். மார்கழிக் காலையில் மீதி சூப்பு இருக்கும் சட்டியைத் திறந்தால் அது தண்ணியாக இருக்காது. கட்டியாக உறைந்து, சட்டியை ஆட்டினால் நடுங்கும். "பாரு கண்ணு, இதுதான் போய் முட்டியில ஒட்டிக்கும்" என்பார்.

ஒட்டாது. அதை உங்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன். சூப்பு நல்ல சாப்பாடு, குடியுங்கள். ஆனால் அதிலுள்ள புரதத்தை வயிறும் குடலும் துண்டு துண்டாக அறுத்து உடம்பின் பொதுக் கணக்கில் சேர்த்துவிடும். முட்டிக்கென்று தனியாக எதுவும் போய்ச் சேராது. ஆனாலும் அம்மிச்சியின் சட்டியில் நடுங்கிக்கொண்டிருந்தது என்ன என்று கேட்கும் கேள்வியில்தான் இன்றைய விஷயம் முழுக்க அடங்கியிருக்கிறது.

அதன் பெயர் கொலாஜென். உடம்பின் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். தோல், தசைநார், எலும்பு, குருத்தெலும்பு எல்லாம் அதன் மேல் நிற்கின்றன. அது எப்படி அமைந்திருக்கிறது என்பதை உலகத்துக்கு முதலில் சொன்னது நம் சென்னை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும், கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ்ரே கதிரில் வைத்து ஆராய்ந்து, மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறுதான் கொலாஜென் என்று 1954, 1955 ஆண்டுகளில் எழுதினார்கள். கிண்டி வளாகத்தில் ஆய்வகம். அதன் அண்டை வீடு 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்பதே கொலாஜென்தான். மூன்று இழை முறுக்கு என்று சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பாதிப் பேர் இருப்பீர்கள்.

சூப்பில் நடப்பது இதுதான்: கொதிக்கக் கொதிக்க அந்த முறுக்கு பிரிந்துவிடுகிறது. பிரிந்த இழைகள் ஆறும்போது அங்கங்கே சிக்கிக்கொள்கின்றன. அதனால் குளிரில் உறைகிறது, சூடு காட்டினால் உருகுகிறது. முட்டிக்குள் இருப்பது உடம்புச் சூடு. அம்மிச்சியின் ஜெல்லை அப்படியே முட்டிக்குள் வைத்தாலும் உருகித் தண்ணியாகிவிடும். நமக்கு வேண்டியது நேர் எதிரானது. ஐஸில் வைத்தால் தண்ணியாக ஊசியில் ஏற வேண்டும், உடம்புச் சூடு பட்டதும் உறைய வேண்டும்.

அப்படி ஒன்று செய்ய முடியும். அதற்கு முன்னால் குருத்தெலும்பு ஏன் தானாக ஆறுவதில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் வருகிறது. இரத்தத்தோடு ஆற்றுகிற செல்களும் வருகின்றன. குருத்தெலும்பில் இரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. எடையில் முக்கால் பங்கு வரை தண்ணீர். செல்கள் நூற்றில் இரண்டு மூன்று பங்கு இடத்தில்தான் இருக்கின்றன, அவையும் ஆளுக்கொரு குழியில் அடைபட்டவை. அவற்றுக்குச் சோறு மூட்டுநீரிலிருந்து ஊறி வந்தால்தான் உண்டு. நாம் நடக்கும்போது பஞ்சு போல அமுங்கி விரிவதுதான் அந்த ஊறலுக்கு உதவுகிறது. கொலாஜென் வலைக்குள் சர்க்கரைச் சங்கிலிகள் எதிர்மின்னூட்டத்தோடு உட்கார்ந்து தண்ணீரை இழுத்துப் பிடித்திருக்கின்றன. வலை விரியவிடாது, சங்கிலி சுருங்கவிடாது. இந்த இழுபறியில்தான் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு பூச்சு நம் எடையைத் தாங்குகிறது. மருதமலைப் படியில் இறங்கும்போது முட்டியில் விழும் சுமை உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

இன்னொன்று, இது எனக்கே முதலில் படித்தபோது திகைப்பாக இருந்தது. வளர்ந்து முடிந்த மனிதனின் மூட்டுக் குருத்தெலும்பில் உள்ள கொலாஜென் ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. வாலிபத்தில் நெய்து முடித்த வலைதான் கடைசிவரை. இலண்டனில் வில்லியம் ஹன்டர் 1743இலேயே கெட்ட குருத்தெலும்பு மீள்வதில்லை என்று பதிவு செய்துவிட்டார். கிட்டத்தட்ட இருநூற்றைம்பது வருடம் அதற்கு உருப்படியான பதில் இல்லை.

முதல் பெரிய பதில் சுவீடனிலிருந்து 1994இல் வந்தது. நோயாளியின் முட்டியிலிருந்தே ஒரு சிறு துணுக்கை எடுத்து, அதிலிருக்கும் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, குழியில் திரும்ப வைத்தார்கள். 23 பேருக்குச் செய்த முடிவை வெளியிட்டார்கள். இந்தியாவிலும் அவ்வகைச் சிகிச்சைக்கு 2017இல் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு முறை அறுவை, நடுவில் வாரக்கணக்கில் காத்திருப்பு, பெரும் செலவு. அதைவிட எளிது, எலும்பில் சிறு சிறு துளை போட்டு மஜ்ஜையின் இரத்தத்தைக் குழிக்குள் வரவழைப்பது. வந்த இரத்தம் உறைந்து ஆறும், ஆனால் அங்கே முளைப்பது தழும்பு போன்ற முரட்டு நார். சில வருடங்களுக்குத் தாங்கும், பிறகு தேயும்.

ஜெல் ஊசி என்று இப்போதே இங்கே போடுகிறார்களே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அது ஹையலூரானிக் அமிலம். 1934இல் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தார்கள், பிறகு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள், இப்போது பெரும்பாலும் நுண்ணுயிர்களை வளர்த்து எடுக்கிறார்கள். அது மூட்டுநீருக்குத் துணையாகும் எண்ணெய் மாதிரி. குழியை நிரப்பாது. சிலருக்குக் கொஞ்ச காலம் வலி குறைகிறது. எல்லோருக்கும் வழக்கமாகப் போடவேண்டியது என்று அமெரிக்க எலும்பு மருத்துவர்களின் 2021 வழிகாட்டுதலே சொல்லவில்லை.

இப்போது சூட்டில் உறையும் அந்த எதிர்ச்சூப்புக்கு வருகிறேன்.

இந்த ஆட்டு முட்டியிலிருந்து பளபளப்பை மட்டும் சீவி எடுக்கிறோம் என்று வையுங்கள். அதில் ஆட்டின் செல்கள் இருக்கின்றன. அப்படியே இன்னொரு உடம்பில் வைத்தால் உடம்பு எதிர்க்கும். ஆகவே உறையவைத்து உருக்கி, சோப்புத் தன்மையுள்ள கரைசலில் நாள்கணக்கில் அலசி, செல்களை வெளியேற்றுகிறோம். குருத்தெலும்பு நெருக்கமான நெசவு. கரைசல் உள்ளே போகாது. அதனால் முதலில் பொடிப்பொடியாக்க வேண்டியிருக்கிறது. நன்றாக அலசினோமா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு: உலர்ந்த ஒரு மில்லிகிராமில் 50 நானோகிராமுக்கு மேல் டி.என்.ஏ. மிஞ்சக்கூடாது. மிஞ்சுவது செல் இல்லாத வெறும் நெசவு, ஆள் காலிசெய்துபோன வீடு. சுவர் இருக்கிறது, மாடம் இருக்கிறது, அடுப்படி எங்கே திண்ணை எங்கே என்பது தெரிகிறது. புதிதாக வரும் செல் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தே தான் யார் வீட்டில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. பிளாஸ்டிக்கில் செய்த ஜெல்லுக்கும் திசுவிலிருந்து செய்த ஜெல்லுக்கும் உள்ள வித்தியாசமாக நான் நினைப்பது இதைத்தான்.

அந்தப் பொடியை அமிலத்தில் போட்டு, பெப்சின் சேர்த்து, இரண்டு நாள் கலக்குகிறோம். பெப்சின் நம் வயிற்றிலும் சுரப்பதுதான். சூப்பின் கொலாஜெனை வயிற்றில் அறுக்கிறதே, அதே பெப்சின். ஆனால் இங்கே கொதிக்கவைக்கவில்லை, முறுக்கு பிரியவில்லை. முறுக்கு உள்ள கயிற்றைப் பெப்சினால் அறுக்க முடியாது. நுனியில் தொங்கும் பிசிறை மட்டும் நறுக்கிவிட்டுக் கயிற்றை முழுசாக விட்டுவிடுகிறது. பிறகு ஐஸில் வைத்தபடியே அமிலத்தைப் போக்கி, உப்பு அளவைச் சரிசெய்கிறோம். இப்போது குப்பியில் இருப்பது கலங்கலான ஒரு தண்ணீர். உடம்புச் சூடு பட்டால் கயிறுகளைச் சூழ்ந்திருக்கும் நீர் விலகிக்கொடுக்கிறது. கயிறுகள் ஒன்றோடொன்று பக்கம் பக்கமாகப் படிந்து வலையாகின்றன. அரை மணிக்குள் ஜெல்.

நுண்துளை வழியாக மூட்டுக்குள் போய், நீரை வடித்துவிட்டு, குழி எந்தக் கோணல் வடிவில் இருந்தாலும் ஊசியால் நிரப்பிவிடலாம் என்பது ஆசை. மூட்டைத் திறக்க வேண்டாம், அளவெடுத்து வெட்டி ஒட்ட வேண்டாம்.

ஆசைதானா, நடந்திருக்கிறதா? இதயத்தில் நடந்திருக்கிறது. பன்றி இதயத்தின் தசையை இதே முறையில் அலசி ஜெல்லாக்கி, மாரடைப்பு வந்த 15 பேருக்குக் குழாய் வழியே செலுத்திய முதல் சோதனையை அமெரிக்காவில் சான் டியேகோ ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில், ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கிச் செய்த காயச்சவ்வு 2023இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்றது. அது ஜெல் அல்ல, சவ்வு. ஆனாலும் திசுவை அலசி மருத்துவப் பொருளாக்கி, மிகக் கடுமையான 'டி' வகுப்புச் சோதனைகளை இந்த நாட்டிலேயே தாண்ட முடியும் என்று அது காட்டியிருக்கிறது. குருத்தெலும்பிலிருந்து செய்கிற ஊசி ஜெல்லோ இன்னும் பெரும்பாலும் குப்பியிலும் முயல், ஆடு போன்ற விலங்குகளிலும்தான் இருக்கிறது. நாளைக் காலை மருத்துவமனையில் போய்க் கேட்டு வாங்கக்கூடிய பொருளல்ல.

ஏன் தாமதம்? முதல் காரணம் வலு. உறைந்த ஜெல் உண்மையான குருத்தெலும்பின் விறைப்பில் பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே வருகிறது. அலசும்போது தண்ணீரைப் பிடித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலிகளும் பாதி போய்விடுகின்றன. படியில் ஒரு கால் வைத்தால் பிதுங்கிவிடும்.

இந்த இடத்தில் தோல் பதனிடும் ஈரோட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. தோல் பதனிடுவது என்றால் என்ன? அழுகக்கூடிய தோலின் கொலாஜென் கயிறுகளுக்கு நடுவே ஆவாரம்பட்டையின் சத்தோ கடுக்காயின் சத்தோ நுழைந்து, கயிறோடு கயிற்றைப் பூட்டுவது. பூட்டியபின் அது செருப்பாகி வருடக்கணக்கில் உழைக்கிறது. ஜெல்லுக்கும் அதே பூட்டுத்தான் வேண்டும். ஒரே சிக்கல், தோலுக்குள் யாரும் வாழப்போவதில்லை. ஜெல்லுக்குள் செல் வாழ வேண்டும். தோல் தொழிலில் போடும் குரோமியமும் குளுட்டரால்டிஹைடும் இங்கே உதவாது. கார்டீனியா என்ற செடியின் காயிலிருந்து எடுக்கும் ஜெனிபின் என்ற பொருளை முயல்கிறார்கள். பி2 வைட்டமினைக் கலந்து புறஊதா ஒளி காட்டுவது இன்னொரு வழி. கூம்பாகிப்போன கருவிழியைக் கெட்டிப்படுத்த இதே முறையைக் கண் மருத்துவர்கள் ஏற்கெனவே கையாள்கிறார்கள், அதுவும் கொலாஜென்தான்.

அடுத்த காரணம், ஒவ்வொரு ஆடும் ஒவ்வொரு மாதிரி. கிடாய், குட்டி, கிழடு என்று திசு மாறும். தொகுதிக்குத் தொகுதி ஒரே சரக்கு வர வேண்டும் என்பதுதான் மருந்துக்கும் சமையலுக்கும் உள்ள தூரம். கிருமி நீக்கும்போது கதிர் பட்டால் கயிறு நைந்துபோகும். பன்றி, மாடு, ஆடு ஆகியவற்றின் திசுவில் மனிதனிடம் இல்லாத ஒரு சர்க்கரை ஒட்டியிருக்கிறது. அதை நீக்காவிட்டால் நம் எதிர்ப்பாற்றல் கிளம்பும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அறிவியல் கட்டுரைகளில் அதைப் பார்ப்பது அரிது. நம் மக்கள் முதலில் கேட்பதே அதைத்தான்: "எந்தச் சீவனோடதுங்க?" ஒருவருக்குப் பன்றி ஆகாது, ஒருவருக்கு மாடு ஆகாது, கறியே தொடாத வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ. உடம்புக்குள் போகிற பொருளின் மூலம் என்ன என்று கேட்பது நோயாளியின் உரிமை. அதைக் கேட்கும் முன்பே சொல்வது மருத்துவரின் கடமை. அதற்காகத்தான் வெள்ளாட்டிலும், முட்டி மாற்று அறுவையில் ஒதுக்கப்படும் மனிதத் திசுவிலும் எனக்கு ஆர்வம் அதிகம்.

யாருக்கு இது பயன்படும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வயதானவரின் முட்டியில் பூச்சு முழுவதும் போய் எலும்போடு எலும்பு உரசினால், அங்கே நிரப்ப ஒரு குழி என்று எதுவும் இல்லை. கரையே இல்லாத குளத்தை எப்படி நிரப்புவது? அவர்களுக்கு எடைக் குறைப்பு, தொடைத் தசைக்குப் பயிற்சி, தேவைப்பட்டால் மூட்டு மாற்று. இந்த ஜெல் ஏற்றது இருபது முப்பது வயதில், பைக்கில் விழுந்தோ விளையாட்டிலோ பட்ட அடியில், சுற்றிலும் நல்ல பூச்சு இருக்க நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிதாகக் குழி விழுந்தவருக்கு. அவர்கள்தான் "இதென்ன சின்ன வலி" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருடங்களை ஓட்டுகிறார்கள். குருத்தெலும்பில் நரம்பு இல்லை என்றேனே, அது கத்தாது. எலும்பு கத்தும்போது குழி பெரிதாகியிருக்கும். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, எலும்போடு எலும்பு உரசும் முட்டியோடு ஒரு கிளினிக்குக்குப் போனார். புது ஜெல், ஜவ்வு வளரும் என்று சொல்லி ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். அதற்காக ஒரு சவரன் சங்கிலி போனது. என்ன போட்டார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது. நான் அவரோடு போயிருக்க வேண்டும் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்: ஊசி போடுமுன் மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள், அனுமதி பெற்றதா என்று கேளுங்கள். ஆராய்ச்சிதான் என்று சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். பதிவு செய்த ஆய்வில் சேர்பவரிடம் சோதனை மருந்துக்குக் காசு வாங்குவதில்லை.

இந்த வேலையை நம் பக்கத்தில் செய்ய முடியுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். முடியும் என்றே நம்புகிறேன். 1978இல் தொடங்கிய கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். இராஜசேகரனின் குழு, முதுகெலும்புத் தட்டுக்குள் சத்து எப்படி ஊறிப் போகிறது என்பதைத் தொடர் எம்.ஆர்.ஐ. படங்களால் காட்டி 2004இல் உலக அளவில் பரிசு பெற்றது. இரத்தம் இல்லாத திசு எப்படிப் பசியாறுகிறது என்ற அதே கேள்விதான் அதுவும். 1956 முதல் இயங்கும் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவில் மருத்துவ ஜவுளிக்கென்றே ஆய்வு மையம் இருக்கிறது. ஜெல்லுக்குள் வலுவுக்கு நுண்ணிழை கோக்க அந்த அறிவு வேண்டும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனிதனுக்கு முன் ஆடு நடந்து காட்ட வேண்டும். அமுக்கிப் பார்க்கும் கருவியைச் செய்து கொடுக்கப் பீளமேட்டிலும் கணபதியிலும் பட்டறைகள் உண்டு. ஒரு பகல் பயணத்துக்குள் இத்தனையும் இருக்கின்றன. ஒரே மேசையில் உட்காரவில்லை, அவ்வளவுதான். அந்த ஆதங்கத்தில்தான் இந்த மேடைக்கே வந்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஈரோட்டிலிருந்து வந்து படிக்கிற ஒரு பெண். கறிக்கடை ஆட்டு முட்டியில் 6 மில்லிமீட்டர் குழி தோண்டி, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கலங்கல் தண்ணீரை ஊசியால் அதில் நிரப்பினாள். 37 டிகிரி பெட்டியில் அரை மணி நேரம். வெளியே எடுத்து முட்டியைத் தலைகீழாகத் திருப்பினாள். ஒழுகவில்லை. எல்லோரும் கை தட்டினோம். பிறகு கருவியின் முனையை மெல்ல இறக்கி அழுத்தினாள். சுற்றியிருந்த பூச்சு அமுங்கி நிமிர்ந்தது. ஜெல்லில் பள்ளம் விழுந்து, பள்ளமாகவே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஆவாரம்பட்டையைக் காய்ச்சி வடிச்சு, துளி துளியாச் சேத்துப் பாக்கலாங்களா சார்?" என்றாள். செல் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றேன். சரிங்க சார் என்றாள்.

மறுநாள் காலை மேசையில் செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம் இருந்தது. அவள் அப்பா இராத்திரி பஸ்ஸில் கொடுத்தனுப்பியது. இப்போது அந்தச் சாறு, எட்டு வெவ்வேறு அளவுகளில், செல் வளர்க்கும் தட்டில் இருக்கிறது.